பதினேழாம் எண் விளக்கு

போன வருடம் மட்டும் பதினோரு முறை உடைத்தார்கள்.
நகராட்சிப் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
முதலில் கல் என்று எழுதினேன்,
பிறகு பாட்டில்,
பிறகு காற்று.
காற்று என்று எழுதினால் யாரும் விசாரிப்பதில்லை.
ஜெனோவாவின் கடற்காற்றுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர்.

ஊசிச் சந்து.
கை இரண்டையும் விரித்தால்
எதிரெதிர்ச் சுவர்களைத் தொட்டுவிடலாம்.
தையற்காரர்கள் இருந்த காலத்தில் வந்த பெயராம்.
இப்போதும் பொருந்துகிறது.
விடிகாலையில் பெருக்க வரும் யாடிராவைக் கேளுங்கள்,
தடித்த பூட்ஸ் இல்லாமல் அவள் இதற்குள் நுழையமாட்டாள்.

நான்காம் வீட்டு நிலைக்கு மேலே
டிராகனைக் குத்தும் பளிங்குப் புனிதர்.
ஐந்நூறு வயது.
ஈட்டி எப்போதோ உடைந்து போயிற்று.
டிராகன் முழுசாக இருக்கிறது.
அதன் வாய்க்குள்தான் பையன்கள் பொட்டலம் வைப்பார்கள்.
ஏணியில் நின்றால் தெரியும்.
நான் பல்பை மட்டும் பார்ப்பேன்.

மார்ச்சில் திட்டம் வந்தது.
மூடிக்கிடக்கும் ஷட்டரைத் திறப்பவருக்கு
மூன்று வருட வாடகையை நகராட்சி கட்டும் என்றார்கள்.
இரண்டு கேமரா, ஒரு மோப்ப நாய்,
ரிப்பன் வெட்ட வந்தவரின் காலணியில்
உடனே ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்று.
மோதூ முடிதிருத்தும் கடை போட்டான்.
மிலானிலிருந்து வந்த தம்பதி
மணக்கும் மெழுகுவர்த்தி விற்கிறார்கள்,
மூத்திர நாற்றத்தோடு மல்லுக்கு நிற்கிறது லாவெண்டர்.
சில நாள் ஜெயிக்கவும் செய்கிறது.
பையன்கள் இரண்டு சந்து தள்ளிப் போனார்கள்.
அங்கேயும் என் விளக்குகள்தான்.

நீவெஸைச் சொல்ல மறந்துவிட்டேன்.
இல்லை, மறக்கவில்லை.
முப்பத்தொரு வருடமாகத் தரைத்தள அறையில் தொழில்,
மேலே மரப்பரணில் தூக்கம்.
வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி,
மடியில் குறுக்கெழுத்துப் புதிர்.
"ஆறு எழுத்து, மீனவன் பயப்படுவது?" என்பாள்,
ஏணியைப் பிடித்துக்கொண்டே.
நுரை தள்ளிக் கிடந்த பையன்களுக்காக
நான்கு முறை ஆம்புலன்ஸ் கூப்பிட்டவள்.
ஒருவன் பிழைக்கவில்லை. அவன் பெயரை அவள்தான் சொன்னாள்.

இந்த விளக்கு வேண்டுமென்று
வருடா வருடம் மனு எழுதியதும் அவளே.
வந்துவிட்டது.
பட்டப்பகல் போல, முகத்தில் மயிர் எண்ணலாம்.
"அறுபதைத் தாண்டிய கன்னத்துக்கு
யாரப்பா இவ்வளவு வெளிச்சம் கேட்டது?" என்றாள்.
பிறகு அவளே, "நான்தான்."
சிரித்தோம். அவள் கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.
வீட்டுக்காரன் விற்கப்போகிறானாம்.
படுக்கையும் காலை உணவும் தரும் விடுதி வருமாம்.
"படுக்கை ஏற்கெனவே இருக்கிறது,
காபி போட மட்டும் கற்றுக்கொண்டால் போதும்" என்றாள்.

யாடிராவின் மகள் ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
முன்பெல்லாம் சாவிக்கொத்தை
விரல்களுக்கிடையே முள்ளாகப் பிடித்து நடப்பாள்.
இப்போது சாவி பையில்,
கையில் சூடான கடலைமாவு அடை,
தின்றுகொண்டே வருகிறாள்.
அதை நான் பார்த்தேன். அதையும் எழுத ஒரு கட்டம்
அந்தப் பதிவேட்டில் கிடையாது.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை
பதினேழு எரியவில்லை என்று தகவல்.
ஏறிப் பார்த்தேன்.
கண்ணாடிச் சில்லு ஒன்றும் இல்லை.
பல்பை யாரோ பதமாகக் கழற்றி
பரண் ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார்கள்,
பாதி நிரப்பிய குறுக்கெழுத்துத் தாளில் சுற்றி.
திரும்ப மாட்டினேன்.
அடுத்த வெள்ளியும் அப்படியே.
அதற்கடுத்ததும்.

யோசித்தபோதுதான் உறைத்தது:
வியாழன் இரவு அந்தப் பெண்ணுக்கு விடுப்பு.

காரணம்: காற்று.